இடது சக்கரத்தின் சத்தம்

ஆரணி
12.8.2024

தனசேகரன் அவர்களுக்கு,

கலையரசி எழுதுவது. உங்கள் ஓசூர் முகவரியைச் சாவித்திரி அண்ணியிடம் கேட்டு வாங்கினேன். போனிலேயே பேசலாமே என்று அண்ணி சொன்னார். உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது கேட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கூடப் பிறந்தவர் என்று உறவைப் புதுப்பிக்கவும் எழுதவில்லை. வண்டியில் ஒரு சத்தம் வருகிறது. அதற்காக மட்டும்.

விபத்துக்குப் பிறகு நம் பிக்கப் வண்டி ஏழு மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது தெரிந்திருக்காது. வேலூரில் ஒரு பட்டறையில் விட்டு எடுத்தோம். நான் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினேன். எட்டு மாதமாக நான்தான் ஓட்டுகிறேன். வேணுகோபால் முதலாளியிடமிருந்து பாவும் பட்டு நூலும் ஏற்றிக்கொண்டு போய் முள்ளிப்பட்டில் தறி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருகிறேன். வண்டி ஸ்டாண்டில் முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

மூன்று வாரமாக முன்பக்கம் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவது மாதிரி ஒரே ஒரு தட்டு. வரும், போகும். மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள். ஒருவர் ஷாக் அப்சார்பர் மாற்றினார். ஒருவர் பிரேக்கைக் கழற்றி மாட்டினார். மூன்றாமவர், “பழைய வண்டிம்மா, சத்தம் இருக்கத்தான் செய்யும், பாட்டு போட்டுக்கோ” என்றார்.

ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. தினமும் இரண்டு நடை ஓட வேண்டும். பத்து வருஷம் அந்த வண்டிக்கு அடியில் படுத்தவர் நீங்கள். வேறு யாருக்கும் அதன் அடிப்பாகம் தெரியாது. என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்.

கலையரசி


ஓசூர்
17.8.2024

அன்புள்ள தங்கை கலையரசிக்கு,

உன் கடிதம் பட்டறை முகவரிக்கு வந்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வரை பிரிக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதையும் இனி கழற்றவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். முதலில் மூன்று நாள் ஓட்டிக் கவனி. சத்தம் மெதுவாகப் போகும்போதா, வேகத்திலா? பள்ளத்தில் இறங்கும்போதா, ஏறும்போதா? ஸ்டேரிங்கைத் திருப்பும்போதா? வலதா, இடதா? வண்டிக்குள் இருந்து கேட்டால் பக்கம் ஏமாற்றும். வெளியே ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்.

அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் உட்கார்ந்து ஸ்டேரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் ஆட்டட்டும். நீ கீழே, சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை மீது கையை வை. அதை டை ராடு எண்ட் என்போம். அது தளர்ந்திருந்தால் கைக்கே தட்டும். அப்புறம் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து அசை. அசைந்தால் சக்கரத்தைத் தாங்குகிற உருண்டை மூட்டு, பால் ஜாயின்ட், போயிருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. கட்டை கொடுத்துவிட்டுப் படு.

நீ வண்டி ஓட்டுவது எனக்குத் தெரியாது. அண்ணி சொல்லவில்லை. ஜாக்கிரதை.

அண்ணன்
தனசேகரன்


ஆரணி
24.8.2024

தனசேகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை அடித்திருந்தீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ‘மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்’ என்று இருந்தது. கேட்டு எழுதிவிட்டு ஏன் அடித்தீர்கள்? பதில் சொல்கிறேன்.

ஸ்டேரிங்கை ஆட்ட ஓர் ஆள் வேண்டும் என்றீர்கள். பகலில் வீட்டில் இருப்பது அவர்தான். கூப்பிட்டேன். விபத்தில் உடைந்த இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டாலும் தடி இல்லாமல் நடப்பதில்லை. வண்டிக் கதவு வரை வந்து நின்றுவிட்டார்.

“இங்க ஏறி உக்காரச் சொல்றியா?”

“ஓட்டச் சொல்லல. ஸ்டேரிங்க ஆட்டணும். அவ்ளோதான்.”

தடியைக் கதவில் சாய்த்து வைத்தார். அப்புறம் ஏறினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் கீழே படுத்துக் கம்பி முனையில் கையை வைத்தேன். இறுக்கமாக இருந்தது. டயரையும் மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். இரண்டு பக்கமும் அசையவில்லை. நான் எழுந்து கை கழுவும்போது, ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

“நா தூங்கிட்டனா கலை? நீ சொல்லு. நெஜமா தூங்கிட்டனா?”

பெரணமல்லூர் ரோட்டில், ஏரி வளைவில், பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டேரிங் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொன்னவர் அவர். “அப்டியே இஸ்துகினு போச்சும்மா” என்று டாக்டரிடம், போலீசிடம், கட்டு மாற்ற வந்த நர்சிடம் எல்லாம் சொன்னார். ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது வேறு. “வண்டியில ஒண்ணும் இல்ல. மாப்பிள்ள கண் அசந்துட்டாரு.” மெக்கானிக் சொல்லிவிட்டால், அதுவும் மச்சானே சொல்லிவிட்டால், யார் மறுப்பார்கள்? அதன் பிறகு அவர் கையில் ஒருவரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. குடித்திருந்தார் என்றுகூடப் பேசினார்கள். கேட்டுக் கேட்டு இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படித்தான் இருக்கிறார்.

சத்தம் மெதுவாகப் போகும்போதுதான் வருகிறது. வேகத்தில் கேட்கவில்லை. முள்ளிப்பட்டுத் தெருப் பள்ளங்களில் சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை. தெரு முனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருந்து கேட்டுவிட்டு, “இடது பக்கம்” என்கிறார் அவர். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் இடதுதான்.

அடுத்து என்ன?

கலையரசி


ஓசூர்
29.8.2024

அன்புள்ள கலைக்கு,

சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், நீயும் அதைத்தானே கேட்டாய்.

கம்பி முனையும் பால் ஜாயின்ட்டும் நன்றாக இருந்தால் அடுத்தது ஸ்டேபிலைசர் லிங்க். வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கிற கம்பியைச் சக்கரப் பக்கம் கோக்கிற சின்னத் துண்டு. பக்கத்துக்கு ஒன்று இருக்கும், பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போதும். இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுக் காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பார். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். லோடு ஏற்றாதே. வளைவில் சாயும். ஷாக் மேல்முனை நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார். மாற்றியவர் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். வேலூர்ப் பட்டறையில் முன்பக்க அடிப்பாகம் முழுக்கப் புதிதாகப் போட்டுவிட்டார்கள் என்று அப்போது யாரோ சொன்னார்கள். அது உண்மைதானே? மறக்காமல் எழுது.

தனசேகரன்


ஆரணி
4.9.2024

தனசேகரன் அவர்களுக்கு,

லிங்க் இரண்டையும் நானே கழற்றினேன். இடது பக்க நட்டு துருப்பிடித்து வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் ஸ்பேனர் மீது ஏறி நின்று திருப்பினேன். வந்துவிட்டது. கழற்றியும் சத்தம் நிற்கவில்லை. ஷாக் நட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று பிடிபட்டது. பிடித்தது நான் இல்லை, அவர். நான் தெருவில் வண்டியை முன்னால் விட்டுப் பிரேக், பின்னால் விட்டுப் பிரேக் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் கை காட்டி நிறுத்தினார்.

“முன்னால போயி பிரேக் அடிச்சா ஒரு தட்டு தட்டுது. அதுக்கப்றம் முன்னாலயே எத்தினி வாட்டி அடிச்சாலும் சத்தம் இல்ல. ரிவர்ஸ் போயி பிரேக் அடிச்சா மறுபடி ஒரு தட்டு. என்னமோ அடியில நவுந்து நவுந்து வருது பாரு.”

பத்துத் தடவை செய்து பார்த்தோம். பத்துத் தடவையும் அப்படியேதான். பிரேக் போட்டால் பின்னால் ஒருமுறை நகர்கிறது. ரிவர்ஸில் போட்டால் முன்னால் வந்துவிடுகிறது. நடுவில் சத்தம் இல்லை. மூன்று மெக்கானிக்கும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஒருவரும் வண்டியை ரிவர்ஸில் ஓட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். சக்கரப் பக்கம் பார், மேலே பார், கம்பி முனையைப் பார் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சக்கரத்தைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்து வைக்கிற கீழ் ஆர்ம் ஒன்று இருக்கிறதே, அதன் உள்முனை சேசிஸில் சேருகிற இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. புதிதாகத் தொழில் கற்பவன்கூட அதைக் கேட்பான் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் கேட்கவில்லை?

வேலூர் ரசீதைத் தேடி எடுத்தேன். ஆர்ம் புதுசு, ஷாக் புதுசு. சேசிஸில் அதைப் பிடிக்கிற பிராக்கெட் பற்றி ஒரு வரியும் இல்லை. எல்லாம் சேர்த்து ஒரே கறுப்பு பெயிண்ட்.

ஆர்ம் உள்முனையில், பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நாளைக்கு ஒரு நடை ஓட்டிவிட்டுக் கோட்டைப் பார்ப்பேன்.

கலையரசி


ஓசூர்
6.9.2024
கூரியர்

கலை,

வண்டியை எடுக்காதே. காலியாகக்கூட எடுக்காதே. நான்கு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. அண்ணி போனிலிருந்தும் பண்ணினேன். வேறு வழியில்லாமல் கூரியர்.

நீ சொன்ன இடம்தான். இடது ஆர்ம், உள்முனை, சேசிஸ் பிராக்கெட். வேலூரில் அதை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை என்றால் அது ஓடுகிற வண்டியே இல்லை. சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. மற்றதெல்லாம் பிறகு.

தனசேகரன்


ஆரணி
7.9.2024

தனசேகரன் அவர்களுக்கு,

உங்கள் கூரியர் இன்று காலை வந்தது. அதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஐந்தாம் தேதி முள்ளிப்பட்டு போய் வந்து பார்த்தால் நெயில் பாலிஷ் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி நெல்மணி நீளத்துக்கு விலகி நின்றது. ஸ்குரூ டிரைவரால் பெயிண்ட்டைச் சுரண்டினேன். மேலே மெல்லிசாக, வேலூரில் போட்ட ஒரு வெல்டிங். அதற்கு அடியில், தடிமனாக, பழைய வெல்டிங் ஒன்று. இரண்டுக்கும் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. மேல் பாதி வெளுப்பாக, புதிதாக இருக்கிறது. கீழ்ப் பாதிக்குள் விரல் வைத்தால் செம்மண் மாதிரி துரு உதிர்கிறது.

நான் கூப்பிடவில்லை. அவராகவே தடியைக் கீழே போட்டுவிட்டு, கோணி விரித்து, ஒருக்களித்துப் படுத்து, தலையை உள்ளே விட்டார். டார்ச் அடித்துக் காட்டினேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

“மேல் பாதி இப்ப உட்டது. கீழ் பாதி பழசு. ஆக்சிடெண்டுக்கு முன்னாடியே இது ஒடஞ்சிருக்குது கலை.”

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்காவும் நானும் தூக்கினோம். சட்டையெல்லாம் மண். தட்டக்கூட இல்லாமல் அப்படியே உட்கார்ந்து சொன்னார்.

“ஆக்சிடெண்டுக்கு ஆறு மாசம் முன்ன ஒருநாள் உங்கண்ணன் அங்க வெல்டிங் போட்டுகினு இருந்தான். இன்னாடான்னு கேட்டேன். ‘சின்ன வேல மாப்பிள்ள, ஒண்ணும் ஆவாது, நீங்க டீ சாப்புட்டு வாங்க’ன்னான்.”

இரண்டே கேள்வி. அந்தப் பழைய வெல்டிங் உங்களுடையதா? விபத்துக்கு மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தீர்களே, அப்போது அது எப்படி இருந்தது?

ஆமாம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். சுற்றி வளைத்தால் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

கலையரசி


ஓசூர்
10.9.2024

கலைக்கு,

ஆமாம். என்னுடைய வெல்டிங்தான்.

அன்றைக்கு பிராக்கெட்டில் மயிர் மாதிரி ஒரு கீறல் பார்த்தேன். புது பிராக்கெட் சென்னையிலிருந்து வர நான்கு நாள் ஆகும். மாப்பிள்ளைக்கு அந்த வாரம் முழுக்க லோடு. ஒரு வெல்டு போட்டு ஒப்பேற்றிவிட்டு, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த சர்வீஸ் வந்தது. மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். மறக்கவில்லை. பார்த்தேன், நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவராவது பார்த்து ஓட்டியிருப்பார்.

விபத்துக்கு மறுநாள் அடியில் புகுந்தபோது வெல்டிங் வாய் பிளந்திருந்தது. பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால் தள்ளியிருக்கும், வண்டி இடது பக்கம்தான் இழுத்திருக்கும். அவர் சொன்னது ஒவ்வொன்றும் அங்கே அப்படியே தெரிந்தது. வெளியே வந்து நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். ஸ்டாண்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். தமிழ்வாணன்தான் முதலில் கேட்டான், “இன்னாண்ணே, வண்டில எதுனா கோளாறா?” என்று. அங்கே நின்ற எல்லா வண்டியும் என் கைபட்டு ஓடியவை. ‘இல்ல’ என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நிறுத்தாமல் கண் அசந்துவிட்டார் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். பயத்தில் சொன்னேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

பட்டறையை மூடிவிட்டு ஓசூர் வந்ததற்கு வருமானம் போதவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய். ஸ்டாண்டைத் தாண்டி நடக்க முடியவில்லை.

நீ முதல் கடிதத்தில் சத்தம் என்று எழுதியதும் அந்த இடம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த பிராக்கெட் போயிருக்கும், புதுசு போட்டிருப்பார்கள் என்று பிடிவாதமாக நம்பினேன். அதனால்தான் அங்கே கேட்கவில்லை. கேட்டால் நீ அங்கே பார்ப்பாய் என்ற பயமும் இருந்தது. எட்டு மாதம் அந்த வண்டியை நீ ஓட்டியிருக்கிறாய்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

தனசேகரன்


ஆரணி
14.9.2024

அண்ணனுக்கு,

கடிதத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “காயிதத்துல எழுதி எனக்கு இன்னாத்துக்கு? அவன் எங்க நின்னு சொன்னானோ அங்க வந்து நின்னு சொல்லட்டும்” என்றார். நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, 22ஆம் தேதி, காலை பத்து மணிக்கு ஸ்டாண்டில் எல்லாரும் இருப்பார்கள். அன்று லோடு கிடையாது. வாருங்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வரக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு அவர் காலில் விழுவது, அழுவது, அதெல்லாம் வேண்டாம். முதலில் ஸ்டாண்டு. ‘அன்பரசு தூங்கவில்லை. வண்டி உடைந்தது. நான் பார்த்தேன், மறைத்தேன்.’ இந்த மூன்றையும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். யாராவது திட்டினால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேணுகோபால் முதலாளியையும் வரச் சொல்லியிருக்கிறேன். என்ன விஷயம் என்று கேட்டார். வந்தால் தெரியும் என்றேன்.

அப்புறம் வண்டி. புது பிராக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள். பழையதை வெட்டி எடுத்துவிட்டு நீங்களே போடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டையும் பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் நான் சாவியைத் தொடுவேன்.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. வராமல் போய்விடாதீர்கள்.

கலையரசி


ஓசூர்
17.9.2024

கலைக்கு,

பிராக்கெட் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி பஸ். வருகிறேன்.

தனசேகரன்


ஆரணி
6.10.2024

அண்ணனுக்கு,

அன்றைக்கு ஸ்டாண்டில் மூன்றையும் சொல்லிவிட்டு, பிராக்கெட் வேலை முடிந்த கையோடு சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் தடுக்கவில்லை. அதன் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் சட்டைக் காலரைப் பிடித்தானே தமிழ்வாணன், அவன் மறுநாள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “நாங்கூடத்தாண்ணே பேசினேன். குடிச்சிருந்தாருன்னு கெளப்பி உட்டதே நான்தான்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இவர், “டீ போடு கலை, ரெண்டு பேருக்கும்” என்றார்.

வேணுகோபால் முதலாளி இவரை மறுபடி ஓட்டக் கூப்பிட்டார். “இடுப்பு இன்னும் அவ்ளோ தூரம் தாங்காதுங்க. அவ ஓட்டட்டும், நல்லா ஓட்றா” என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அந்த ராத்திரிதான் மாத்திரை போடாமல் தூங்கினார்.

வண்டியில் சத்தம் இல்லை. முன்னால், பின்னால், லோடோடு, லோடு இல்லாமல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தினமும் இரண்டு நடை ஓடுகிறேன்.

போன வாரத்திலிருந்து வேறொன்று நடக்கிறது. தமிழ்வாணன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “அண்ணே, பின்னாடி ஒரு சத்தம் வந்துகினே இருக்குது. ரெண்டு பட்டறையில காட்டிட்டேன். நீ கொஞ்சம் கேளேன்” என்றான். இவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முன்னால் போகச் சொன்னார், பின்னால் வரச் சொன்னார். இதுவரை நான்கு வண்டி வந்துவிட்டது. சேத்துப்பட்டிலிருந்து கூட ஒன்று. மூன்றுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். தமிழ்வாணன் வண்டி மட்டும் பிடிபடவில்லை.

உங்களைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “இத அவன்கிட்ட கேக்கணும். எழுது” என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. நோட்டை எடுத்துவந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தமிழ்வாணன் வண்டியில் லோடு இருந்தால் சத்தம் வரவில்லை. காலியாகப் போனால் பின்பக்கம் ‘கிரீச்’ என்று இழுக்கிறது. மழை பெய்தால் நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் பட்டை மாற்றியாகிவிட்டது. எங்கே பார்க்க வேண்டும்?

பதிலை எனக்கு எழுத வேண்டாம். கவரின் மேல் அவர் பெயரைப் போடுங்கள்.

கலை